மூணு மணி நிலா

கீழ் கோத்தகிரிப் பக்கம் அந்தத் தோட்டத்தில் தெய்வம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. கொழுந்து எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பொறாமைப்படுவதிலும் இல்லை. இரண்டையும் ஒரே வேகத்தில் செய்வாள். பக்கத்து நிரைக்காரியின் சாக்கில் ஒரு பிடி கொழுந்து கூட இருந்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் புதுப் பாய் வாங்கினால் இவளுக்குத் தன் பாயில் முதுகு குத்தும். இதையெல்லாம் மூடி மறைக்கிற வழக்கமும் அவளிடம் இல்லை. “எனக்கு வயிறு எரிஞ்சா எரியுதுன்னுதான் சொல்லுவேன். உள்ள எரிய விட்டுட்டு வெளிய பல்லக் காட்ட எனக்குத் தெரியாது” என்பாள். இப்படி வெளிப்படையாகப் பொறாமைப்படுகிறவளை யாரும் பெரிதாக வெறுப்பதில்லை. சிரித்துவிட்டுப் போவார்கள்.

சிலோனில் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். தாவணி போட்ட வயதில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு இந்த மலைக்கு வந்து சேர்ந்தாள். வரும்போது அங்கிருந்து கொண்டுவந்த பழக்கம் ஒன்றை மட்டும் கடைசிவரை விடவே இல்லை. இங்கே பெண்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்தை அதில் போட்டார்கள். அவளோ கூடையை முதுகில் தொங்கவிட்டு, கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக்கொள்வாள். கூடை நிறைய நிறையக் கயிறு தலையை அமுக்கும், கழுத்து குனிந்துகொண்டே போகும். கயிறு உட்கார்ந்து உட்கார்ந்து உச்சியில் முடி தேய்ந்து வழுக்கையே விழுந்துவிட்டது. காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்தது முதல் சாயங்காலம் கொழுந்து நிறுக்கிறவரை அவள் கண்ணில் படுவது தேயிலைச் செடியும், தன் விரல்களும், முன்னால் போகிறவளின் குதிகாலும்தான். வானம் என்பது அவளைப் பொறுத்தவரை மழை வருகிற இடம். அதற்கு மேல் அதனோடு அவளுக்குப் பேச்சு வார்த்தை இல்லை.

அவள் வீட்டுக்காரன் ராஜரத்தினமும் கப்பலில் வந்தவன்தான். தோட்டத்து ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. மலையிலிருந்து கொழுந்து வந்து சேருகிற நேரத்தில் உள்ளே போனால் விடிந்த பிறகுதான் வெளியே வருவான். வந்து குளித்து, கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்துவிடுவான். அவன் எழுந்திருக்கும்போது அவள் மலையில் இருப்பாள், அவள் திரும்பி வரும்போது அவன் ஃபேக்டரிக்குக் கிளம்பியிருப்பான். ஞாயிற்றுக்கிழமை புருஷன் பெண்டாட்டி என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனாலும் அவன் விஷயத்தில் மட்டும் அவளுக்குப் பொறாமைப்பட ஒரு வாய்ப்பும் வந்ததில்லை. தூங்குகிறவனை யார் கொத்திக்கொண்டு போக முடியும்?

அப்போதுதான் தேயிலைக்கு விலை விழுந்தது. ஒரு வருஷத்தில் எழுந்துவிடும் என்றார்கள், எழவில்லை. சின்னத் தோட்டக்காரர்கள் கொழுந்தைப் பறிக்காமல் செடியிலேயே முற்ற விட்டார்கள். எஸ்டேட்டில் ஃபேக்டரியை மூடினார்கள். பறித்த கொழுந்தை லாரியில் ஏற்றி வேறெங்கோ அனுப்பினார்கள். பெர்மனென்ட் பெண்களுக்கு வேலை இருந்தது. டெம்பரவரி ஆட்களுக்கு மத்தியானம்வரை அரைப் பேர், அரை நாள் கூலி மட்டும். ஃபேக்டரி ஆண்களுக்கு அதுவும் இல்லை. பாதிப் பேர் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் இறங்கிப் போனார்கள். ராஜரத்தினம் போகவில்லை. “தெறந்துருவாங்க” என்று சொல்லிக்கொண்டு லயத்திலேயே இருந்தான். விறகு பிளந்தான், சோறு வடித்தான், வாசலைக் கூட்டினான். அத்தனை வருஷம் பகலைத் தூங்கிக் கழித்தவனுக்கு இப்போது பகல் முழுசாகக் கையில் வந்து விழுந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

தெய்வம்மாவுக்குத் தெரிந்தது, அல்லது தெரிந்துவிட்டதாக அவள் நினைத்தாள். தபித்தாள்தான் ஆரம்பித்து வைத்தாள். தபித்தாள் டெம்பரவரி ஆள், அரைப் பேரோடு வீடு திரும்புகிறவள். ஒருநாள் காலையில் நிரை பிடிக்கும்போது மெல்லக் கேட்டாள்.

“அக்கா, ஒங்க வூட்டுக்காரரு மூணு மணியானா டேங்க் வளைவுல நிக்கிறாரே, என்ன விசேஷம்?”

“நிக்கட்டுமே. கால் இருக்கு, நிக்கிறாரு.”

“நிக்கிறது சரிக்கா. மேல் லயத்தப் பாத்துக்கிட்டே நிக்கிறாரு. நான் பக்கத்துல போயி கூப்பிட்டேன், காதுல விழல.”

தண்ணீர் டேங்க் இருக்கிற வளைவில் நின்றால் எதிரே கிழக்கு மேடு தெரியும். மேட்டின் மேல் மேல் லயம். அந்த லயத்தின் கடைசிக் காம்பராவில் சசிரேகா இருந்தாள். இத்தனையும் தெய்வம்மாவின் மனதில் ஒரு நொடியில் ஓடி முடிந்தது. அன்றைக்கு அவள் கூடையில் முத்தல் இலையாகக் கிடந்ததைப் பார்த்து, “ஒனக்கு என்னாச்சு தெய்வம்மா?” என்று கங்காணி வேலுமணி கேட்டார். அவரிடம் அவள் அதற்கு முன் அப்படி ஒரு பேச்சு வாங்கியதே இல்லை.

சாயங்காலம் ராஜரத்தினம் தட்டில் சோற்றைப் போட்டு வைத்தான். அவள் உட்கார்ந்ததும் கேட்டாள்.

“மூணு மணிக்கு எங்க நிக்கிறீங்க?”

“டேங்க் வளைவுல.”

“அங்க என்னத்தப் பாக்குறீங்க?”

அவன் கொஞ்சம் கூச்சப்பட்டான். “நிலாவ.”

பொய் சொல்ல நினைக்கிற மனுசனுக்கு உலகத்தில் எத்தனையோ பொய் இருக்கிறது. காற்று வாங்கினேன் எனலாம், டேங்கில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தேன் எனலாம். பட்டப்பகலில் நிலாப் பார்த்தேன் என்று ஒருவன் சொன்னால், எதிரே இருப்பவளை அவன் எவ்வளவு முட்டாளாக நினைத்திருக்க வேண்டும்! தெய்வம்மாவுக்கும் நிலா தெரியும். மூன்றாம் பிறையை அந்தியில் பார்த்துக் கும்பிடுகிறவள். நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறவள். நிலா இருட்டிய பிறகு வரும். சூரியன் இருக்கும்போது அதற்கு என்ன வேலை?

‘சோத்துக்குள்ள பூசணிக்காய மறைக்கிறவங்களப் பாத்திருக்கேன். இந்த ஆளு இல்லாத நிலாவக் கொண்டாந்து இருக்குறவள மறைக்கிறாரு’ என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் நம்ப வேண்டியிருக்கும். அவளுக்கு நம்ப விருப்பம் இல்லை.

சசிரேகாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கீழ்நாட்டிலிருந்து, கோயமுத்தூர்ப் பக்கமிருந்து, எப்போதோ மலைக்கு ஏறி வந்த குடும்பத்துப் பெண். புருஷன் சிவகுரு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான், மாதம் ஒருமுறை வருவான். அரைப் பேர் முடிந்ததும், வேலைக்காரிகளின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள், துணி துவைத்துக் காயப்போடுவாள். யாரைக் கண்டாலும் “ஏனுங்க்கா”, “சொல்லுங்கண்ணா”. அவள் வாயிலிருந்து விழுகிற ஒவ்வொரு ‘ங்க’வும் தெய்வம்மாவின் காதில் மிளகாய் மாதிரி விழுந்தது. கொழுந்து எடுப்பதில் சசிரேகா மட்டம்தான். ஒரு நிரையை முடிக்க மத்தியானம் ஆக்கிவிடுவாள். அதைப் பற்றித் தெய்வம்மாவுக்கு ஆறுதல் உண்டு. ஆனால் சாக்கை இடுப்பில் கட்டுகிறவள் அல்லவா, அவள் கழுத்து நேராக இருந்தது. நடக்கும்போது நிமிர்ந்து நடந்தாள். கயிறு மாட்டித் தேய்ந்த தன் உச்சந்தலையைத் தடவிக்கொண்டு தெய்வம்மா அந்தக் கழுத்தையே பார்ப்பாள். முகத்தைப் பார்த்து வந்த பொறாமையைவிடக் கழுத்தைப் பார்த்து வந்த பொறாமை அவளை அதிகமாக வதைத்தது. இந்தக் கழுத்தைத்தானே அவர் தினமும் நின்று பார்க்கிறார் என்று நினைத்தாள். நினைத்தபோது நிஜமாகவே அடிவயிறு எரிந்தது.

ஆனாலும் அவள் நியாயம் தவறாதவள். தன்னால் முடிந்த அளவு நியாயம். சோதித்துப் பார்த்துவிட்டே முடிவு செய்வது என்று வைத்துக்கொண்டாள். அதற்கு ஒரு நாளும் பார்த்தாள். பௌர்ணமி கழிந்து மறுநாள். முந்தின ராத்திரி நிலா தாம்பாளம் போல லயத்துக் கூரைமேல் நின்றிருந்தது. இவ்வளவு பெரிய நிலா பகலில் வருவதென்றால் எங்கே போய் ஒளிந்துவிடும்? பிறையாக இருக்கும்போது கண்ணுக்குத் தப்பலாம், இப்போது தப்ப முடியாது. இது அவள் போட்ட கணக்கு. கொழுந்தில் ஒரு விரல் நீளம் கண்ணால் அளக்கிறவள் போட்ட கணக்கு தப்பாது என்றே அவள் நம்பினாள்.

தலைவலி என்று கங்காணியிடம் சொல்லிவிட்டு மூணு மணிக்கு டேங்க் வளைவுக்குப் போனாள். கூடையைக் கீழே வைத்தாள். வருஷக்கணக்காகக் குனிந்த கழுத்து நிமிர மறுத்தது. பிடரியைக் கையால் தாங்கிக்கொண்டு அண்ணாந்தாள். பனிக்காலம் முடிகிற சமயம். ஒரு துண்டு மேகம் இல்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அலசிப் பார்த்தாள். நீலம்தான் இருந்தது. கண்ணைக் கீழே இறக்கினாள். மேல் லயத்து வாசலில் சசிரேகா ஈரச் சேலையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும், “ஏனுங்க்கா, தண்ணிக்கு வந்தீங்களா?” என்று அங்கிருந்தே கூவினாள்.

வானத்தில் நிலா இல்லை, மேட்டில் சசிரேகா இருக்கிறாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பௌர்ணமி கழிந்துவிட்டால் நிலா இருட்டிய பிறகு எழுந்து, காலையில் மேற்கே மிச்சமாகத் தொங்கும் என்பதும், பௌர்ணமிக்கு முந்தின வாரத்தில்தான் மத்தியானமே கிழக்கு மேட்டில் ஏறி நிற்கும் என்பதும் ராஜரத்தினத்துக்கு இந்த வேலையில்லாத மாதங்களில் பழகிப் போயிருந்தது. அன்றைக்கு அவன் காலையிலேயே மேற்கே பார்த்து முடித்துவிட்டு, வீட்டில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான்.

தெய்வம்மா சண்டை போடவில்லை. சண்டை போட்டால் லயமே கூடும், கூடினால் தபித்தாள் சிரிப்பாள். வேறு வழி பார்த்தாள். மறுநாள் பெரட்டுக்களத்தில் வேலுமணி கங்காணி, கீழ் டிவிஷனில் ஆள் போதவில்லை என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். கீழ் டிவிஷன் வெகு தூரம். ஓடைக்கரையில் பழைய லயம், கூரைத் தகரமெல்லாம் ஓட்டை, பொழுது சாய்ந்தால் வாசலில் காட்டெருமை வந்து நிற்கும். யாரும் போகச் சம்மதிப்பதில்லை.

“அண்ணே, மேல் லயத்து சசிரேகாவ அங்கிட்டு அனுப்புங்களேன்” என்றாள் தெய்வம்மா. “இங்க அரைப் பேரோட பாவம் சும்மா கெடக்குது. அங்க முழுப் பேர் கெடைக்கும்ல. கைப்புள்ளக்காரி, அதுக்கும் நல்லதுதான?”

கங்காணி அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். “ஒனக்கு இம்புட்டு நல்ல மனசா தெய்வம்மா! இத்தன நாளு தெரியாமப் போச்சே.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குனிவதில்தான் அவளுக்குப் பழக்கம் உண்டே. வயிற்றில் அன்றைக்குக் குளிர்ச்சியாக இருந்தது. கஞ்சியும் நன்றாக இறங்கியது.

ஆபீஸில் எழுதி, காம்பரா காட்டி, ஆள் மாற்ற அடுத்த வளர்பிறை வந்துவிட்டது. சசிரேகா கிளம்புகிற நாளில் மூணு மணிக்குத் தெய்வம்மா டேங்க் வளைவுக்குக் கீழே நிரையில் இருந்தாள். சாமான் மூட்டையைத் தலையிலும் குழந்தையை இடுப்பிலும் வைத்துக்கொண்டு சசிரேகா பாதையை விட்டு இறங்கி அவளிடம் வந்தாள்.

“அக்கா, நீங்கதான் கங்காணிகிட்டச் சொன்னீங்களாமா. அவரு சொன்னாருங்க. எங்கூட்டுல கூட எனக்காக யாரும் வாயத் தெறந்து ஒரு வார்த்த சொன்னதில்லீங்க்கா.” அவள் கண் கலங்கியிருந்தது. “முழுப் பேரு கெடைச்சா அவரத் திருப்பூர்ல இருந்து வரச் சொல்லீருவேனுங்க.”

தெய்வம்மா கூடைக் கயிற்றை இழுத்துவிட்டுக்கொண்டாள். “சரி சரி, பாத்துப் போ. எருமை நடமாட்டம் இருக்கும்” என்றாள்.

போகத் திரும்பிய சசிரேகா மேட்டுப் பக்கம் பார்த்துவிட்டு நின்றாள். “இன்னைக்கு வந்திருச்சுங்க பாருங்க” என்று சிரித்தாள்.

“எது?”

“நிலாவுங்க. அண்ணன் உங்ககிட்டச் சொல்லலீங்களா? தண்ணிக்கு வந்தப்ப அண்ணாந்து நின்னாருங்க. என்னங்கண்ணா இருக்குதுன்னு கேட்டேன், அவருதானுங்க காட்டினாரு. நானும் இத்தன வருசம் பாத்ததில்லீங்க்கா. எங்க ஊட்டுக்காரருகிட்ட போன்ல சொன்னா நம்பவே மாட்டேங்குறாரு.”

தெய்வம்மா தலைக்கயிற்றைக் கழற்றினாள். கூடை நழுவி விழுந்து பாதிக் கொழுந்து தரையில் கொட்டியது. பிடரியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கிழக்கு மேட்டுக்கு மேலே, நீலத்தில், பாதிக்குச் சற்று அதிகமாக, வெள்ளையாக நிலா இருந்தது. வெளிச்சமே இல்லை. துவைத்து வெளுத்த துணித்துண்டு மாதிரி சத்தமில்லாமல் இருந்தது. அவ்வளவு வெயிலில் அது பாட்டுக்கு இருந்தது.

அவன் சொன்னது நிஜம். வேறொருத்தியாக இருந்தால் அந்த நிமிஷம் நிம்மதியில் அழுதிருப்பாள். தெய்வம்மாவுக்கு நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. அவன் இந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, சரி. இந்தப் பெண்ணுக்குக் காட்டியிருக்கிறான். பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஆம்பிளைக் கண் என்று திட்டிவிட்டு விட்டிருக்கலாம். இவ்வளவு அழகான ஒன்றைக் கண்டுபிடித்து, கூடப் படுத்து எழுந்தவளுக்குக் காட்டாமல், குடத்தோடு வந்தவளுக்குக் காட்டியிருக்கிறான். இதற்கு என்ன பேர் சொல்லித் திட்டுவது?

சசிரேகா போய் வெகுநேரம் கழித்துத்தான் கொட்டின கொழுந்தை அள்ளினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டாள். “எனக்கு ஏன் காட்டல?”

“எத?”

“நிலாவ. அவளுக்குக் காட்டியிருக்கீங்க.”

ராஜரத்தினம் அகப்பையைக் கீழே வைத்தான். “ஒனக்குத்தான் மொதல்ல சொன்னேன் தெய்வம். பாத்த அன்னைக்கே. நீ தொவையல் அரைச்சுக்கிட்டிருந்த. பகல்ல நிலா தெரியுது, நாளைக்கு நிறுவை முடிஞ்சதும் சீக்கிரம் வா, காட்டுறேன்னேன். நிலாவப் பாத்தா வயிறு நெறையுமா, வெறகு பொளந்தீங்களான்னு கேட்ட. அப்புறம் நான் பேசல.”

அப்படிச் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. ஆனால் சொல்லக்கூடியவள்தான். அது அவளுக்கே தெரியும். அம்மியையும் விறகையும் சேர்த்து வைது தீர்க்க வேண்டும் போல இருந்தது.

“நாளைக்குக் காட்டுங்க” என்றாள். புருஷனிடம் அவள் அந்தக் குரலில் எதையும் கேட்டதில்லை. “தலைவலின்னு சொல்லிட்டு மூணு மணிக்கு வளைவுக்கு வந்துர்றேன்.”

ராஜரத்தினத்தின் முகம் மலர்ந்து, உடனே தயங்கியது. “நாளைக்கா? நாளைக்கு நான் கீழ் டிவிஷனுக்குப் போறேனே.”

“அங்க எதுக்கு?”

“அந்தப் புள்ள காம்பராக் கூரை பூரா ஓட்டையாம். கங்காணி சொன்னாரு, தெய்வம்மாதான் அந்தப் புள்ளைக்கு எடம் பாத்துக் குடுத்துச்சுன்னு. எனக்குப் பெருமையா இருந்துச்சு தெய்வம். நீ இம்புட்டுச் செஞ்சப்புறம் நான் சும்மா உக்காந்திருந்தா நல்லாருக்குமா? ஃபேக்டரியில தகரம் அடிச்ச கை. மழைக்கு முன்னால சரி பண்ணிக் குடுத்துர்றேன்னு சொன்னேன். அவரு தொரைகிட்டக் கேட்டு, அங்க இருக்குற அத்தன கூரையும் நீயே பாருன்னுட்டாரு. மழை பிடிக்கிறவரைக்கும் பேர் உண்டு.” அவன் அகப்பையை எடுத்து அவளுக்குச் சோறு போட்டான். “ஃபேக்டரி மூடுனதுக்கப்புறம் இப்பத்தான் எனக்கு ஒரு வேல. ஒன்னாலதான்.”

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டால் குத்துதே குடையுதே என்று யாரிடம் சொல்வது? போகாதீங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்பான். ஏன் என்றால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். அவன் முகத்தில் அத்தனை மாதம் கழித்து வந்திருந்த அந்த வெளிச்சம், அவள் நல்ல மனசுக்காரி என்று நம்பி வந்த வெளிச்சம். அதை ஊதி அணைக்கிற தைரியம் அவளுக்கு இல்லை. காலையில் அவளே அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். சுத்தியலைத் தேடி எடுத்தும் கொடுத்தாள்.

அன்றைக்கு மூணு மணிக்கு நிரையின் நடுவில் நின்றாள். தலைக்கயிற்றைத் தோளுக்குத் தள்ளிவிட்டு மெதுவாகக் கழுத்தைத் தூக்கினாள். நிலா வந்திருந்தது. நேற்றைவிடக் கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் கீழே.

காம்பராவை மாற்றக் கங்காணியிடம் சொல்லலாம். நிலாவை மாற்ற யாரிடம் போய்ச் சொல்வது? இந்நேரம் அவன் கூரைமேல் இருப்பான். கூரைமேல் இருக்கிறவனுக்கு வானம் இன்னும் கிட்டே. குடிபோன மறுநாள், சசிரேகா வேலைக்கு இறங்கியிருக்க மாட்டாள். கீழே குழந்தையை வைத்துக்கொண்டு ஆணி எடுத்துக் கொடுப்பாள், நேரான அந்தக் கழுத்தை நிமிர்த்தி. “இன்னைக்கும் வந்திருச்சுங்கண்ணா” என்பாள்.

“நிரை பிந்துது தெய்வம்மா!” என்று கங்காணி கத்தினார். அவள் காதில் விழவில்லை. கீழ் டிவிஷனில் மரம் குறைவு, அங்கே இன்னும் நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு நின்றாள்.